இமையாருக்கு இமை தைத்த கதை

எறும்பைக் கும்பிடுகிற ஊருக்கும் நேற்றைய நாளைக் கும்பிடுகிற ஊருக்கும் நடுவே, மலைபோல உயர்ந்த ஓர் ஏரிக்கரையின் அடியில் வெள்ளங்கட்டி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த நாட்டில் கடவுள்களுக்குப் பஞ்சமே கிடையாது. சில ஊர்களில் வீட்டுக்கு ஒருவர், சில ஊர்களில் ஆளுக்கு ஒருவர். வெள்ளங்கட்டியில் மட்டும் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது என்று ஊர் நம்பியது.

மேட்டுத்தெருக்காரர்களின் கடவுள் இமையார். ஏரிக்கரைச் சரிவில், பாதி உயரத்தில், ஒரு கல்மேடைமேல் ஏரிக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்தபடி கன்னங்கரேலென்று நிற்பார். தேங்காய்மூடி அளவு கண்கள். இமை கிடையாது. அவர் கண் ஊர்மேல் இருக்கும்வரை ஏரி ஊரைத் தொடாது, ஒரே ஒரு தடவை அவர் கண்ணை மூடினாலும் கரை உடைந்து எல்லாம் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே மேட்டுத்தெருவில் கண்ணைத் திறந்துகொண்டுதான் கும்பிடுவார்கள். தொண்டை எரிகிற சுக்குக்காப்பிதான் பிரசாதம். குழந்தைகளுக்குத் தாலாட்டுப் பாடமாட்டார்கள். மத்தியானம் யாராவது அசந்துவிட்டால் ‘தூங்கிட்டேன்’ என்று சொல்லக் கூசி ‘கொஞ்சம் தவறிட்டேன்’ என்பார்கள்.

வயல்தெருக்காரர்களின் தெய்வம் கண்வளர்த்தாள். கூரை தாழ்ந்த ஒரு சின்னக் கோயிலில், ஒருக்களித்து, உள்ளங்கையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். சிலைதான் கல், தலைக்கு வைத்த தலையணையும் மேலே போர்த்திய போர்வையும் நிஜம். இந்த உலகமே அம்மை காணும் கனவு, அவள் விழித்துக்கொண்டால் மரமும் மாடும் மனுசரும் இருந்த இடம் தெரியாமல் கலைந்துபோவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அந்தக் கோயிலில் மணி இல்லை, மேளம் இல்லை, அர்ச்சனைகூடக் குசுகுசுவென்றுதான். பிரசாதம் குழையக் குழையப் பிசைந்த தயிர்சோறு. வாங்கிச் சாப்பிட்டவர்கள் அங்கேயே ஒரு ஓரமாகப் படுத்து எழுந்துதான் வீட்டுக்குப் போவார்கள்.

இப்படி இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? மேட்டுத்தெருப் பூசாரி வெள்ளைக்கண்ணு மணிக்கு ஒரு தடவை கண்டாமணியை அடிப்பார், கீழே வயல்தெரு முழுக்கக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவரைத் திட்டும், அதையும் அம்மைக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று ரகசியக் குரலில் திட்டும். ஒரு தெருவில் பெண் எடுத்து இன்னொரு தெருவில் கொடுப்பது கிடையாது. விளக்கை அணைப்பதா வேண்டாமா என்பதிலேயே அந்தக் குடும்பம் முறிந்துவிடும் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சொன்னார்கள். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இந்த நிலையில், புரட்டாசி முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இமையார் வயல்தெருக் கோயிலுக்கு வந்து வரிசையில் நின்றார்.

அம்மையின் பூசாரி பஞ்சவர்ணம். இலவம்பஞ்சில் தலையணை தைத்து விற்பதும் அவள் தொழில்தான். அன்றைக்கும் குனிந்த தலை நிமிராமல் தயிர்சோற்றை உருட்டி உருட்டி நீட்டிக்கொண்டிருந்தவள், தன்முன் நீண்ட கை கறுப்பாகவும் குளிர்ந்தும் விளக்கெண்ணெய் வாசனையோடும் இருப்பதைக் கண்டு, இது எந்த வீட்டு ஆள் என்று அண்ணாந்து பார்த்தாள். கூரையில் தலை இடிக்காமல் இருக்கக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பிடரியில் ஏரிப்பாசியோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

“சாமி, நீங்க மேட்டுத்தெரு இல்லையா?” என்றாள் பஞ்சவர்ணம், குசுகுசுவென்று.

“ஆமா தாயி,” என்றார் இமையாரும் அதே குசுகுசுப்பில். “கண்ணு எரியுது. கொஞ்ச நேரம் தூங்கணும்.”

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற தையல்காரர், “சாமி, வாங்கியாச்சுன்னா கொஞ்சம் நகருங்க,” என்றார். இமையார் நகர்ந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, தயிர்சோற்றைச் சாப்பிட்டு விரலைச் சூப்பினார். கல்லாக நின்று எத்தனையோ தலைமுறையாகச் சுக்குக்காப்பியையே பார்த்த மனுசனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பஞ்சவர்ணம் நினைத்துக்கொண்டாள். பிறகு இருக்கிறதிலேயே நீளமான பாயை எடுத்துவந்து கருவறை ஓரமாக விரித்தாள். அவர் படுத்தார். பஞ்சவர்ணம் தலையணை எடுத்துவரத் திரும்பி, மறுபடி பார்த்தபோது, அம்மை தன் தலையணையைப் பாதிக்கு அவர் பக்கம் தள்ளிக் கொடுத்திருந்தாள். இதை நேரில் பார்த்தவர்கள் அன்றைக்கு வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இமையாருக்குத் தூக்கம் வரவில்லை. இடது பக்கம் புரண்டார், வலது பக்கம் புரண்டார், மல்லாந்தார். கண்கள் மட்டும் விட்டத்தைப் பார்த்தபடி வெள்ளைவெளேரென்று திறந்தே கிடந்தன.

“கண்ணை மூடிக்கிடுங்க சாமி,” என்றாள் பஞ்சவர்ணம்.

“எதை வச்சு மூட?”

அவள் குனிந்து பார்த்தாள். உண்மைதான். செதுக்கியவன் இமையே வைக்கவில்லை.

அதே நேரத்தில் மேலே வெள்ளைக்கண்ணு மத்தியானப் படையலுக்குச் சுக்குக்காப்பித் தம்ளரோடு வந்து, மேடை காலியாக இருப்பதைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். பக்கத்து வேப்பமரத்துக்குப் பின்னாலும் பார்த்தார். பிறகு சரிவில் இறங்கி வீட்டு வாசலில் நின்று, “மரகதம், சாமியைக் காணோம்,” என்றார்.

அவர் மனைவி மரகதம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். “நல்லாத் தேடினீங்களா? நேத்து கண்ணாடியையும் இப்படித்தான் காணோம்னீங்க,” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

தேடுவது கஷ்டமாக இல்லை. ஈரமண்ணில் உரல் பதிந்ததுபோல் காலடிகள் கரையிலிருந்து இறங்கி, கடலைக்கொல்லையைத் தாண்டி, நேரே வயல்தெருவுக்குப் போயிருந்தன. அந்தக் காலடிகளைப் பார்த்துக்கொண்டே மேட்டுத்தெரு முழுக்க, ஆணும் பெண்ணும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, காப்பித்தம்ளரைக் கையில் பிடித்தபடி முன்னே போன வெள்ளைக்கண்ணுவின் பின்னாலேயே போனது.

கோயில் வாசலில் பெரிய கூட்டம். மேட்டுத்தெருக்காரர்கள், எங்கள் சாமியை மயக்கிக் கூட்டிவந்துவிட்டீர்கள் என்றார்கள். வயல்தெருக்காரர்கள், யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார் என்றார்கள். ஆனால் வேடிக்கை அதற்குப் பிறகுதான். அவர் இங்கே தூங்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் முதலில் நடுங்கியது வயல்தெருதான். இமையாராவது கண்ணாவது, அதெல்லாம் காப்பி குடித்துக் கலங்கிப்போனவர்களின் பேச்சு என்று எத்தனை காலமாகக் கிண்டல் செய்தவர்கள்! கரை உடைந்தால் தண்ணீர் முதலில் நிற்கும் இடம் தங்கள் அடுப்படி என்பது இப்போதுதான் அவர்கள் நினைவுக்கு வந்தது. “அவரை எப்படியாவது பேசி மேல அனுப்பிருங்க,” என்று கெஞ்சினார் தையல்காரர். மேட்டுத்தெருக்காரர்களும், அம்மை கோயிலுக்குள் செருப்போடு நுழையப்போன ஒருவரை இழுத்துப் பிடித்து, “ஏய், சத்தம் போடாதே, எந்திரிச்சிரப்போறா,” என்று தங்களுக்குள் அடக்கினார்கள். அந்த ஊரில் எதிர்த்தெருக் கடவுளை நம்பாதவர் ஒருவர்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

வெள்ளைக்கண்ணு மட்டும் உள்ளே போனார். பாயில் கிடந்த தன் கடவுளைப் பார்த்ததும் கோபப்படத்தான் நினைத்தார். குரல் வேறு மாதிரி வந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி. எங்கப்பா காலத்துலேருந்து கூடவே முழிச்சிருக்கோம். உங்களுக்குக் கண்ணு எரியுதுன்னு இந்தத் தெருக்காரங்க சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?”

“உங்கிட்டச் சொன்னா, எனக்காக நீ இன்னும் கொஞ்சம் முழிப்பே,” என்றார் இமையார். “வேற என்ன செய்யத் தெரியும் உனக்கு?”

வெள்ளைக்கண்ணு கையிலிருந்த தம்ளரைக் குனிந்து பார்த்தார். காப்பி ஆறிப்போயிருந்தது.

பஞ்சவர்ணம் விஷயத்தைச் சொன்னாள். “அண்ணாச்சி, அசதின்னு வந்தவங்களை அம்மை வாசல்லேருந்து நான் திருப்பி அனுப்ப முடியாது, அது யாரா இருந்தாலும். இமை இல்லாததுதான் குறை. துணியில ஒரு ஜோடி நான் தச்சிருவேன். ஆனா உங்க சாமி முகத்தை நீங்கதான் தொடணும், நான் தொடக்கூடாது. நீங்க வந்து ஒட்டிவிடணும்.”

“நானா? என் கையாலயா?” என்றார் வெள்ளைக்கண்ணு. வருசா வருசம் திருவிழாவுக்கு அந்தக் கண்களுக்குச் சுண்ணாம்பு தீட்டிப் பளபளக்கவைப்பது அவர்தான். எழுந்து வெளியே போனார். கூட்டம் வழிவிட்டது.

அந்தச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைக்கண்ணு மணியடிக்கப் போகவில்லை. யாருக்கு அடிப்பது? வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மரகதம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

“ஒண்ணு கேக்கேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கேன், உங்க கண்ணும் செவசெவன்னுதான் இருக்கு. உங்களுக்கு எரியலையா?”

“எரியாம என்ன.”

“உங்களுக்கு எரிஞ்சா அது பக்தி. அவருக்கு எரிஞ்சா மட்டும் துரோகமா?”

சொல்லிவிட்டு அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து, துவைத்துத் துவைத்து வெண்ணெய்போல ஆகியிருந்த தன் நாவல்பழ நிறச் சேலையை எடுத்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கி வயல்தெருவுக்குப் போனாள். மேட்டுத்தெருப் பெண் ஒருத்தி அம்மை கோயில் படியேறியது அதுதான் முதல் தடவை.

“புதுத்துணி உறுத்தும்,” என்று சேலையை நீட்டினாள்.

பஞ்சவர்ணம் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “இதுதான் மதினி வேணும்,” என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒருத்தி அளவு சொல்ல ஒருத்தி வெட்ட, பிறைபோல இரண்டு இமைகளைத் தைத்தார்கள். ஓரத்துக்கு மெல்லிசாகப் பஞ்சு வைத்தார்கள். இமைமயிர் வேண்டுமா என்று இமையாரையே கேட்டார்கள். இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் சொன்னதால் கறுப்புநூலில் அதையும் இழுத்துத் தைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் வெள்ளைக்கண்ணு வந்தார், குளித்து, சலவைவேட்டி கட்டி, திருவிழாவுக்கு வருவதுபோல வந்தார். கையில் ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புளியங்கொட்டைப் பசை. அவரே அரைத்துக் காய்ச்சியது. அவர் பாயின் பக்கத்தில் மண்டியிட்டு, ஒவ்வோர் இமையாகப் பசை தடவி, மேல்விளிம்பில் பொருத்தி, சுருக்கம் போகக் கட்டைவிரலால் நீவினார். இமையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் வெள்ளைக்கண்ணு அந்த நாவல்பழ நிற இமைகளை மெல்லக் கீழே இறக்கினார்.

“ஆ…” என்றார் இமையார்.

வெளியே நின்ற ஊர் மொத்தமும் திரும்பி ஏரிக்கரையைப் பார்த்தது. கரை அப்படியே இருந்தது. ஒரு கொக்கு மட்டும் அதன்மேல் நடந்துகொண்டிருந்தது. உள்ளே வயல்தெருப் பெண்கள் மெதுவாகத் தாலாட்டை ஆரம்பித்தார்கள். தாலாட்டே கேட்டு வளராத மேட்டுத்தெரு ஆண்களில் பாதிப் பேர் இரண்டாவது அடி முடிவதற்குள் வாசலிலேயே தவறிவிட்டார்கள். இமையார் தூங்கிப்போனார், குறட்டை கேட்டது.

அந்தக் குறட்டையோடு ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. வயல்தெருவில் தயிர்ப்பானையைச் சும்மா தரையில் வைத்தாலே அந்த அதிர்வில் வெண்ணெய் திரண்டது. பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடிப்பதை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, ஆட்களை விட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊருக்குள் வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் குறட்டையின் தாளத்துக்குச் சொன்னார்கள். அம்மை தலையணையைப் பங்குபோட்ட விஷயமும் ஊரெல்லாம் பரவி, இரண்டு தெருவிலும் ஒருவரை ஒருவர் ‘என்ன சம்பந்தி’ என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்து, போகப்போகக் கிண்டல் கழன்று கூப்பிடுவது மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனால் மேலே வேறொன்று நடந்தது. மேடையைக் கூட்டப்போன மரகதம், இமையாரின் இடது குதிகால் இருந்த பள்ளத்தில் தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்தாள். களிமண்ணை உருட்டி அடைத்தாள், தள்ளிக்கொண்டு வந்தது. வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து மிதித்தாள். காலை எடுத்ததும் மறுபடி வந்தது. கால் இருக்கும்வரை வரவில்லை. அவள் அந்த மேடைமேலேயே உட்கார்ந்து, குதிகாலைப் பள்ளத்தில் ஊன்றிக்கொண்டு, கணவனைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, அவர் ஊரைக் காத்தது கண்ணால இல்ல போலிருக்கு. காலால.”

வெள்ளைக்கண்ணு வந்து குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு, “சரி, நீ எந்திரி, நான் உக்காருறேன்,” என்றார்.

அதன்பிறகு ஆள் மாற்றி ஆள் அந்த மேடையில் உட்கார்ந்தார்கள். முதலில் மேட்டுத்தெருக்காரர்கள். அவர்கள் களைத்ததும், நம் அடுப்படிதானே முதலில் முழுகும் என்று வயல்தெருக்காரர்களும் ஏறிவந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் இரண்டு தெருவின் கொல்லைப்புறங்களும் தெரியும்: யார் வீட்டில் விறகு நனைகிறது, யார் யாரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள், எல்லாம். அதோடு பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் வருவதை நிறுத்தவில்லை. மேடையில் இருப்பது யார் என்று பார்க்காமல், பழக்கதோஷத்தில் கும்பிட்டு, மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டுப் போனார்கள். தையல்காரர் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வந்து, “சாமி, இந்தத் தையல்காரன் சேவலுக்கு ஒரு முடிவு கட்டு, விடியறதுக்கு முன்னாடியே உயிரை எடுக்குது,” என்று உருகி வேண்டினாள். அவர் இறங்கியதும் முதல் வேலையாகச் சேவலைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார். இமையார் சக்தி என்றால் சக்திதான் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அப்படிக் கேட்டது கிடைப்பது முன்னைவிட அதிகமாகிவிட்டதால் எறும்பைக் கும்பிடுகிற ஊரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

கார்த்திகையில் புயல் வந்தது. அன்றைக்குக் காலையில் ஏரி கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது, அலை கரைக்கு மேலே எட்டிப்பார்த்தது, மேடையில் உட்கார்ந்திருந்த பஸ் ஓட்டுநர், “தூக்குதுங்க, என்னையே தூக்குது!” என்று கத்தினார். ஓடிவந்து இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். மேடையைச் சுற்றி மண் இளகி வேறு இடங்களிலும் தண்ணீர் எட்டிப்பார்த்தது. அப்போது எல்லார் வாயிலிருந்தும் ஒரே பேச்சு வந்தது: “எழுப்பிருங்க! பூசாரி அண்ணாச்சி, போய் எழுப்பிருங்க!”

வெள்ளைக்கண்ணு கண்டாமணியைச் சங்கிலியோடு கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கீழே ஓடினார். கோயில் வாசலில் பஞ்சவர்ணம் நின்றாள். அவள் தடுக்கவில்லை. “உங்க சாமி, உங்க இஷ்டம்,” என்று ஒதுங்கினாள்.

உள்ளே இருட்டு வெதுவெதுப்பாக இருந்தது. இமையார் ஒருக்களித்து, அம்மையைப் போலவே கன்னத்தின் கீழ் கையை வைத்துப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் எப்போதும் இருந்த அந்த மடிப்பு, அது செதுக்கியதே அப்படித்தான் என்று வெள்ளைக்கண்ணு நினைத்திருந்த மடிப்பு, இல்லை. மூடிய இமைக்குள் கண் எதையோ பார்த்து அசைந்தது, அதைக் கண்டு அவர் சிரித்தார்.

வெள்ளைக்கண்ணு மணியைத் தூக்கினார். பிறகு இன்னொரு கையை உள்ளே விட்டு அதன் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அது ஒரு சின்னச் சத்தம்கூடப் போட்டுவிடாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழையில், வழுக்கும் படிகளில், திரும்ப மேலே ஓடினார்.

“அவர் வரமாட்டார்,” என்றார். “நாமதான்.”

அவருக்குப் பின்னாலேயே பஞ்சவர்ணம் வந்தாள், தைத்துவைத்திருந்த தலையணை உறைகள் அத்தனையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு. பஞ்சுக்குப் பதில் களிமண்ணை அடைத்து, வாயைத் தைத்து, கைமாற்றிக் கைமாற்றி அடுக்கினார்கள். அடுக்கியதன்மேல் ஊர் ஏறி உட்கார்ந்தது: மேட்டுத்தெரு மடியில் வயல்தெருவும் வயல்தெரு தோளில் மேட்டுத்தெருவுமாக, குண்டானவர்களுக்கு அன்றைக்குத் தனி மரியாதை கிடைக்க, ஒரே நனைந்த குவியலாக உட்கார்ந்தார்கள். யாருக்குக் கண் சொருகினாலும் பக்கத்து ஆள் சுக்குக்காப்பியை வாயில் ஊற்றினார். யாருக்குப் பயம் வந்தாலும் வயல்தெருப் பெண்கள் தாலாட்டைப் பாடினார்கள். தூங்கவைப்பதற்கு இல்லை, பயத்துக்கு அது நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்று ஒரு பெரிய மாட்டைப்போல ஊரைச் சுற்றிச்சுற்றி வந்து, முட்டிப்பார்த்து, மாலையில் தெற்கே போய்விட்டது. தண்ணீர் ஒரு விரல் இறங்கியதை முதலில் பார்த்த மரகதம் சத்தம் போடாமல் விரலை மட்டும் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, பழகிவிட்டது.

இமையார் தைமாதத்தில் ஒரு நாள் காலை எழுந்தார். சோம்பல் முறித்ததில் கோயில் ஓடுகளில் இரண்டு கீழே விழுந்தன. அம்மையின் போர்வையை இழுத்து அவள் தோள்வரை போர்த்திவிட்டு, பஞ்சவர்ணத்திடம் சொல்லிக்கொண்டு, கடலைக்கொல்லை வழியே மேலே நடந்தார். வழியில் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். வயலில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. உடனே அவர் இன்னொரு தடவை செய்தார். பிறகு ஒற்றைக் கண்ணை மட்டும். புதுச்சட்டை போட்ட பிள்ளைபோல மேடைவரைக்கும் அதையே செய்துகொண்டு போனார்.

மேடையில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். எதிரே நேற்றைக் கும்பிடுகிற ஊரிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளையின் படிப்பைப் பற்றி அழுது சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நீண்ட வரிசை. இமையாரைப் பார்த்ததும் மரகதம் எழப்போய், குதிகால் ஞாபகம் வந்து அப்படியே இருந்தாள்.

“கொஞ்சம் இருங்க சாமி, இந்தம்மா சொல்லி முடிச்சிரட்டும்,” என்றாள்.

இமையார் போய் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் இருந்தவர்கள் வழிவிட்டபோதும் வேண்டாம் என்றார். அவர் முறை வந்ததும் மரகதத்தின் காலுக்குப் பக்கத்தில் தன் குதிகாலை வைத்து, “இப்ப எடு,” என்றார். அவள் எடுத்தாள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்,” என்றாள் மரகதம். “இத்தனை காலமா ஊரைக் காத்தது கண்ணா, காலா?”

“எனக்கே தெரியாதே,” என்றார் இமையார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. “நான் கண்ணுன்னுல்ல நெனச்சிருந்தேன்!” பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, “உன் வீட்டுக்காரன் எங்க?” என்றார்.

மரகதம் கீழே காட்டினாள். மேடையின் அடியில், கல்லில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, இமையார் வந்ததே தெரியாமல் வெள்ளைக்கண்ணு தூங்கிக்கொண்டிருந்தார். ‘தவறுவது’ இல்லை அது. வாயைப் பிளந்துகொண்டு, ஊர் பார்க்க, பட்டப்பகலில் அசல் தூக்கம். எழுப்பக் குனிந்த மரகதத்தை இமையார் ஒரு விரலை உதட்டில் வைத்து நிறுத்தினார்.

வரிசையில் நின்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். வெயில் வேப்பமரத்தைத் தாண்டி வெள்ளைக்கண்ணுவின் முகத்துக்கு வந்தது. இமையார் இடது குதிகாலை இம்மியும் எடுக்காமல், இடுப்பை மட்டும் மெல்லத் திருப்பி, தன் நிழல் அவர் கண்மேல் விழும்படி நின்றார். சூரியன் நகர நகர, அவரும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருந்தார்.